காசி விசாலாட்சி: மீர் காட் சந்தில் ஒரு விடியற்காலைத் தரிசனம்

காசிக்குச் செல்லும் நம் ஊர்க்காரர்கள் பலர், கங்கை நீராடலையும் விசுவநாதர் தரிசனத்தையும் பித்ரு காரியங்களையும் முடித்துவிட்டு, ரயிலுக்குக் கிளம்பும் முன் மிஞ்சுகிற அரை மணி நேரத்தைத்தான் விசாலாட்சிக்குக் கொடுக்கிறார்கள். காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சி, காசி விசாலாட்சி என்று மூவரையும் ஒரே மூச்சில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். முதல் இருவரின் சன்னதிகளில் அரை நாள் இருந்தாலும் மனம் நிறையாது. மூன்றாமவளிடம் மட்டும் ஏனோ அவசரம் வந்துவிடுகிறது. இம்முறை பொழுது விடியும்போதே அவளிடம் முதலில் போவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

2021 டிசம்பரில் விசுவநாதர் கோயிலின் புதிய வளாகம் திறக்கப்பட்ட பிறகு, கோயிலிலிருந்து கங்கைக் கரை வரை விசாலமான வழி உண்டாகிவிட்டது. அங்கிருந்து சற்று தூரத்திலேயே மீர் காட் என்னும் கங்கைப் படித்துறையை ஒட்டிய சந்துகள் தொடங்குகின்றன. அங்கே இருப்பது இன்னமும் பழைய காசிதான். எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒதுங்கி நிற்க வேண்டும். மாடு வந்தால் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். வடநாட்டுக் கோயில்களின் கூம்பிய சிகரங்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு முன்னால், சந்தின் ஒரு திருப்பத்தில், வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்களோடு நம் பக்கத்துக் கோபுரம் ஒன்று திடீரென்று எழுந்து நிற்கிறது. கோயிலை இந்த வடிவில் எடுத்துக் கட்டியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

உள்ளே கூட்டம் இல்லை. கருவறையில் கருங்கல் திருமேனியளாய், முகம் மட்டும் தெரியும்படி மாலைகளும் பட்டும் சாத்தி, அம்மன் நின்ற கோலத்தில் காட்சி தருகிறாள். குங்கும அர்ச்சனை முடிந்து தட்டை வாங்கிக்கொண்டு நகர முற்பட்டபோது, பக்கத்தில் நின்றிருந்த செட்டிநாட்டு ஆச்சி ஒருவர், “தம்பி, பின்னால இன்னொரு ஆத்தா இருக்கா. குனிஞ்சு நல்லாப் பாருங்க” என்றார். அர்ச்சகர் தீபத்தைச் சற்று உயர்த்தி உள்பக்கமாகக் காட்டினார். முன்னால் நிற்கும் மூர்த்திக்குப் பின்னே, காலத்தால் தேய்ந்து, கண் மூக்கு என்று பிரித்தறிய முடியாதபடி, குங்குமமும் பூவுமாக ஒரு சிறிய கருங்கல் உருவம் தெரிந்தது. அவள்தான் ஆதி விசாலாட்சி. அகன்ற விழியாள் என்று பெயர் கொண்டவளின் மூல வடிவில் விழிகளே மழுங்கிப் போயிருப்பதைக் கண்டு சில கணங்கள் பேச்சு எழவில்லை. இத்தனை தூரம் வந்தும் இந்த வடிவத்தைக் காணாமலே எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள்!

சக்தி பீடங்களில் ஒன்றாகப் போற்றப்படும் இத்தலத்தில் சதி தேவியின் காதணி விழுந்தது என்பது ஐதிகம். எனக்கு அதைவிட நெருக்கமானது கந்த புராணத்தின் (ஸ்காந்தம்) பகுதியான காசி காண்டம் சொல்லும் வியாசர் கதை. காசி முழுவதும் அலைந்தும் பிட்சை கிடைக்காத வியாசர், பசியின் கோபத்தில் ஊரையே சபிக்கிறார். அப்போது ஒரு வீட்டிலிருந்து இல்லத்தரசியின் உருவில் வெளியே வந்து, அவரை அழைத்து அமர்த்தி வயிறார அன்னமிட்டவள் இந்த அம்பிகையே. அன்னமிட்ட பிறகுதான் கண்டிப்பு: கோபத்தை அடக்கத் தெரியாதவருக்குக் காசியில் இடமில்லை என்று சிவபெருமான் அவரைக் கங்கைக்கு அக்கரைக்கு அனுப்பிவிடுகிறார். ராம்நகர்ப் பக்கத்தில் வியாசருக்கு இன்றும் கோயில் இருக்கிறது. முதலில் சோறு, பிறகு விசாரணை என்ற அந்த முறை, அம்மா இருக்கும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

விசுவநாதர் இரவில் ஓய்வு கொள்வது விசாலாட்சியின் கோயிலில்தான் என்றும் காசியில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நினைத்துக்கொண்டே மாலையில் காசியின் கடைத்தெருப் பகுதியான கோதோலியா பக்கம் போனேன். நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்குப் பாலும் பூவும் வில்வமும் விபூதியும் சுமந்துகொண்டு, “சம்போ சம்போ” என்று முழங்கியபடி நெரிசலுக்குள் வேகமாக நடந்து செல்கிறவர்களைக் கண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்துவரும் கைங்கரியம் இது. இந்தக் குரல் கேட்டதும் கடைத்தெருவே ஒதுங்கி வழிவிடுகிறது. அம்மனுக்குக் கோபுரம் எழுப்பியவர்களே ஐயனுக்கும் அன்றாடப் பூஜைப் பொருள்களைச் சுமக்கிறார்கள் என்பதில் தமிழருக்குப் பெருமை வரத்தான் செய்யும்; எனக்கும் வந்தது.

கோயிலின் பெரிய விழா, வடநாட்டுக் கணக்கில் பாத்ரபத மாதத் தேய்பிறைத் திருதியையில் வரும் கஜலி தீஜ். நவராத்திரியிலும் பெண்கள் திரளாக வருகிறார்கள். ஆதி அம்மனை நிதானமாகக் காண விரும்புகிறவர்கள் இந்த நாள்களைத் தவிர்த்து, விசுவநாதரின் வரிசையில் போய் நிற்பதற்கு முன்பே, விடியற்காலையில் மீர் காட்டுக்கு வந்துவிடுவது நல்லது. அர்ச்சகரிடம் கேட்டால் தீபத்தை உயர்த்திக் காட்டுவார்.