பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு: உறையூரில் வீடு வாங்கிய அனுபவம்

திருச்சி உறையூரில் நாங்கள் வாங்க விரும்பிய வீட்டின் உரிமையாளர் உயிரோடு இல்லை. 1978இல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வீட்டைக் கிரயம் வாங்கிய பெரியவர், உயில் எதுவும் எழுதி வைக்காமல் 2006இல் காலமாகியிருந்தார். அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் சேர்ந்து விற்கச் சம்மதித்தார்கள். விலை 60 இலட்சம் ரூபாய் என்று பேசி முடித்தோம். தரகர் உடனே முன்பணம் கொடுத்துவிடச் சொன்னார். ஆவணங்களை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, எழுத்துப்பூர்வமாகச் சட்டக் கருத்துரை வாங்கிய பிறகுதான் பணம் என்று நாங்கள் சொன்னபோது, பெரியவரின் மூத்த மகன் முகம் கோணாமல் நகல்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார்.

இந்த ஏற்பாட்டில் நாங்கள் உறுதியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பத்திரம் பதிவாகிவிட்டாலே வீடு நமதாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது ஆவணமே தவிர உரிமை அல்ல. எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் முழு உரிமை இருந்தது என்று அரசு நமக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அவரிடம் பாதி உரிமைதான் இருந்தது என்றால், முழு வீட்டுக்கும் பத்திரம் பதிந்து முழு விலையையும் கொடுத்த பிறகும் நமக்குக் கிடைப்பது அந்தப் பாதிதான். ஆகவே உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தொடர்ச்சியாகப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவரையே சேர்கிறது.

முதலில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல், போட்டுப் பார்த்தோம். பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதல் பார்க்க முடிந்தது. ஆனால் பழைய பத்திரத்தில் இருந்தது பழைய சர்வே எண். நகர நில அளவைக்குப் பின் வந்த எண் வேறு. இரண்டு எண்களுக்கும் தனித்தனியே தேடியபோதுதான், 1994இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு வீடு அடமானம் வைக்கப்பட்ட பதிவு தென்பட்டது. கடனை எப்போதோ அடைத்துவிட்டார்கள், அசல் பத்திரமும் வீட்டிலேயே இருந்தது; அடமானம் தீர்ந்ததற்கான ரசீதை மட்டும் பதிவு செய்யாமல் விட்டிருந்தார்கள். சங்கத்திடம் ரசீது எழுதி வாங்கிப் பதிந்து தருவதாக மூத்த மகன் ஒப்புக்கொண்டார். (வங்கிக் கடன் என்றால், முழுத் தொகையையும் கட்டிய 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.)

அடமானத்தைவிடப் பெரிய சிக்கல் வாரிசுச் சான்றிதழில் இருந்தது. அதில் நான்கு பெயர்கள். நால்வரும் கையெழுத்திடத் தயாராக இருந்தார்கள். வழக்கறிஞர் அந்தச் சான்றிதழையும் இறப்புச் சான்றையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, மூத்த மகனிடம் கேட்டார்: “உங்க அப்பா தவறினப்போ, அவரோட அம்மா இருந்தாங்களா?” இருந்தார்கள். பாட்டி 2011இல்தான் காலமானார்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மக்களோடு தாயும் சமமாக இடம்பெறுகிறார். எனவே இந்த வீட்டில் பங்குதாரர்கள் நால்வர் அல்லர், ஐவர். பாட்டிக்கு ஐந்தில் ஒரு பங்கு. அவரும் உயில் எழுதவில்லை, தாத்தா முன்பே காலமாகியிருந்தார். ஆகவே அந்தப் பங்கு பாட்டியின் மூன்று பிள்ளைகளின் வழியாக மூன்றாகப் பிரிகிறது: கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு ஒன்று, லால்குடியில் இருக்கும் இளைய மகனுக்கு ஒன்று, காலமான மூத்தவரின் பங்கு அவருடைய மூன்று மக்களுக்கு. அதாவது விற்பவர்களின் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இந்த வீட்டில் ஆளுக்குப் பதினைந்தில் ஒரு பங்கு, 60 இலட்சத்தில் 4 இலட்சம், சட்டப்படி இருக்கிறது. மகளுக்குப் பங்கு உண்டு என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். மகனுக்குப் பின்னும் வாழ்ந்திருந்த தாயின் பங்கைத்தான் குடும்பங்கள் அடியோடு மறந்துவிடுகின்றன. (கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கு இல்லை, அதனால் யாருக்கு எந்தச் சட்டம் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.)

மூத்த மகன் கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் பேசினார். “எங்க அண்ணன் வாங்கின வீட்டுல எனக்கு எதுக்குப்பா பங்கு, நீங்களே வச்சுக்கோங்க” என்று அத்தை சொல்லிவிட்டார். அந்தப் பெரிய மனது நெகிழச் செய்தது. ஆனாலும் அசையாச் சொத்தில் உள்ள பங்கை வாய்ச்சொல்லால் விட்டுக்கொடுத்துவிட முடியாது; ஒன்று விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும், அல்லது கிரயப் பத்திரத்தில் அவரும் எழுதிக் கொடுப்பவராகச் சேர வேண்டும் என்று வழக்கறிஞர் விளக்கினார். இதற்கு முடிவு சொன்னவர் பெரியவரின் மனைவி. “அது எங்க மாமியார் பங்கு. அவங்க பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரட்டும்” என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அதன் பிறகே கிரய ஒப்பந்தம் போட்டோம். ஆறு பேரும் விற்பவர்களாகக் கையெழுத்திட்டார்கள். அடமான ரசீது பதிவாகும் வரை மீதித் தொகை தர வேண்டியதில்லை, குறித்த காலத்துக்குள் அது நடக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் எழுத்தில் சேர்த்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இத்தகைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறிவிடும் என்பதால், இடையில் வேறொருவர் வாங்க வந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் ஒப்பந்தம் போட்டதாலேயே சொத்தில் எந்த உரிமையும் வந்துவிடுவதில்லை.

கிரயப் பத்திர வரைவில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது சொத்து விவரத்தில்தான். 1978ஆம் ஆண்டுப் பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கு பக்க எல்லை விவரத்தில்) இருந்த அண்டை வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட இன்று இல்லை. வடபுறம் இருக்கும் நடைச் சந்து ‘பொதுச் சந்து’ என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க, புதிய வரைவில் அந்தச் சொல் விடுபட்டுச் சந்தின் அகலமும் நம் மனையளவோடு சேர்ந்திருந்தது. நாடா பிடித்து அளந்து, சந்தைக் கழித்து, பழைய வாசகத்தையே மீண்டும் போடச் செய்தோம். பக்கத்து வீட்டாருடன் பின்னாளில் வழக்கு வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு வரியால்தான்.

செலவைப் பொறுத்தவரை, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 5,40,000 ரூபாய் ஆயிற்று. எங்கள் விலை, பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பைவிடக் கூடுதலாக இருந்ததால் மதிப்பு பற்றிக் கேள்வி எழவில்லை. விலை 50 இலட்சத்துக்குக் குறையாததால், ஒவ்வொருவருக்கும் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து, அவரவர் பெயரில் தனித்தனியே வாங்குபவரே கட்ட வேண்டும். மொத்த விலைதான் கணக்கு என்பதால் 4 இலட்சம் பெறும் அத்தைக்கும் இது பொருந்தியது. பான் எண் இல்லையென்றால் 20 சதவீதம் பிடிக்க நேரும். அதனால் அவருக்கு முன்கூட்டியே பான் அட்டை வாங்க வைத்தோம்.

பதிவு நாளன்று அத்தையின் விரல் ரேகை கருவியில் எளிதில் பதியவில்லை. வீட்டு வேலையில் தேய்ந்த விரல்கள். முந்தானையில் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் ஒன்று பதிந்தது. பணம் ஆறு பேருக்கும் அவரவர் வங்கிக் கணக்கிலேயே சென்றது. காசோலை எண்களையும் தொகைகளையும் பத்திரத்திலேயே எழுதியிருந்தோம்.

நகர நில அளவைப் பதிவேடு, சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றம் சிரமமின்றி முடிந்தது. பிடித்த வரிக்கான சான்றை ஆறு பேருக்கும் அனுப்பினோம். அத்தைக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை. கணக்குத் தாக்கல் செய்தால் அந்த 4,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்பதால், மூத்த மகனே அவருக்காக அந்த வேலையை எடுத்துச் செய்துகொண்டிருக்கிறார்.