நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடும் பையன்

ஈரானியப் படமா, ஒன்றுமே நடக்காதே என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் எடுத்த ‘நண்பனின் வீடு எங்கே?’ படத்தைத்தான். சின்னப் பையன் அகமது, பக்கத்தில் உட்காரும் நண்பனின் நோட்டையும் தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். இன்னொரு தடவை நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்று அந்த நண்பனை வாத்தியார் அன்றைக்குத்தான் மிரட்டியிருக்கிறார். நண்பன் இருப்பது அடுத்த ஊரில், வீடு எதுவென்று அகமதுக்குத் தெரியாது. கதை அவ்வளவுதான், ஆனால் எந்தத் துப்பறியும் படத்திலும் எனக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

அம்மா முற்றத்தில் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். இவன் நோட்டைக் காட்டிக் காட்டிச் சொல்கிறான், அவள் ‘போய் வீட்டுப்பாடத்தை எழுது’ என்கிறாள், திரும்பவும் சொல்கிறான், தம்பியின் தொட்டிலை ஆட்டு என்கிறாள். கொடுமைக்காரி இல்லை, வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பிள்ளை சொல்வது காதில் ஏறவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: யாரையும் கெட்டவராக்காமல், அந்தப் பையனின் தவிப்பை அவனுக்கு எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியதாகவே கியாரோஸ்தமி காட்டுகிறார். குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒன்று வரும், படத்துக்காகவே உண்டாக்கிய பாதை அது, அதில் அவன் ஓடுவதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நமக்கு மூச்சு வாங்கும்.

படம் எடுத்த கோகேர் கிராமம் இருக்கும் வடக்கு ஈரானை 1990 ஜூனில் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது, பல்லாயிரம் பேர் இறந்தார்கள். நடித்த பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கியாரோஸ்தமி தேடிக்கொண்டு போனார். அந்தப் பயணத்தைத்தான், தன் இடத்தில் ஒரு நடிகரை வைத்து, 1992இல் படமாக்கினார். அதில் குடும்பத்தில் சாவு விழுந்த ஒருவர், இடிபாடுகளுக்கு நடுவே டிவி ஆன்டெனாவை நிறுத்திக்கொண்டிருப்பார். உலகக் கோப்பை கால்பந்து நடக்கிற நேரம். இந்தச் சமயத்தில் மேட்ச் பார்ப்பது சரியா என்று கேட்டால், என்ன செய்வது, நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதானே வருகிறது என்பார். சொல்லிக்கொண்டே கம்பியைச் சரிசெய்வார்.