அம்மிக்கல்லுக்கு அடியில் ஐந்து மாதம்

ஆடியில் ஆரம்பித்தது. மாடிச் சுவரில் படர்ந்திருந்த சங்குப்பூக் கொடியைத் திருச்சிக் காற்று உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. உதிர்ந்த பூக்களைப் பெருக்கித் தள்ள மனம் வராமல், பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் ஏழு பூக்களை வைத்து மூடினேன். மேலே கனமாக ஏதாவது வேண்டுமே என்று தேடியபோது, மிக்சி வந்த நாளிலிருந்து கொல்லையில் சும்மா கிடக்கும் அம்மிக்கல் கண்ணில் பட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இது பறக்கவில்லை, தூக்கி வைத்ததில் என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

அம்மாவுக்கு இதில் சம்மதமே இல்லை. "எங்கம்மா சீரா குடுத்த அம்மிடி. பூவ நசுக்குறதுக்கா?"

பத்து நாள் கழித்துத் திறந்தேன். நான்கு பூக்களில் நீலம் நின்றிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த மூன்று மட்டும் பழுப்பு. பூவிலிருந்து தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு நிறம் தங்கும் என்பது அப்போது புரிந்தது. அடுத்த முறை செய்தித்தாளுக்கு மாறினேன். முதல் இரண்டு நாள் தினமும் தாளை மாற்றினேன், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பறிப்பதும் காலை ஒன்பது பத்து மணிக்கு மேல்தான், பனி ஈரம் போன பிறகு. பளபளப்பான வாரப்பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, அதை நம்ப வேண்டாம். இந்தத் தடவை நீலம் லேசாக ஊதாப் பக்கம் சாய்ந்ததோடு சரி.

அந்தத் தைரியத்தில் செம்பருத்தியில் கை வைத்தேன். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டது. இதழ்கள் அழுந்தாமல் சுருங்கிப்போயின. தலைக்குத் தேய்க்க உதவுகிற அதே வழவழப்பு இங்கே பசையாகி, பூவைத் தாளோடு ஒட்டிவிட்டது. பிய்த்தெடுத்தால் பாதி இதழில் தலைப்புச் செய்தி. இப்போதெல்லாம் பூவை பிளேடால் நீளவாக்கில் இரண்டாக வகுந்து, இதழ்களுக்கு மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைக்கிறேன். தடிமனான நடுப்பகுதியைச் சுற்றி டிஷ்யூவை மடித்து வைத்து மேடு பள்ளத்தைச் சமன் செய்கிறேன். எல்லாம் செய்தும் சிவப்பு கருஞ்சிவப்பாகத்தான் மாறுகிறது.

வெள்ளைப் பூக்கள் பெரிய ஏமாற்றம். நந்தியாவட்டை இரண்டே நாளில் டீக்கறை நிறத்துக்குப் போய்விட்டது. மல்லிகையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது தலையிலேயே இருக்கட்டும். ஆவாரம்பூவின் மஞ்சள் நன்றாக நிற்கிறது. காகிதப்பூவில் தோற்கவே முடியாது, ஆனால் அதைப் பாடம் செய்வது கொஞ்சம் திருட்டு ஆட்டம் மாதிரி: ஏற்கெனவே காகிதமாக இருப்பதைக் காகிதத்தில் வைத்து என்ன சாதித்தோம்? (நாம் பூ என்கிற அந்தக் கலர் பகுதி உண்மையில் இலைதான். பூ உள்ளே வெள்ளையாக, சின்னதாக இருக்கும்.)

தொட்டாற்சிணுங்கியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பறித்த கணமே மூடிக்கொள்ளும். தண்ணீரில் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி விரியும். விரிந்ததும் சத்தமில்லாமல் தாளைச் சரித்தால், தாள் பட்டதும் மூடிக்கொள்ளும். ஒன்பது தடவை முயன்று, பாதி விரிந்த ஒரு இலையோடு சமாதானமாகிவிட்டேன். பத்துமணிப்பூவின் பிடிவாதம் வேறு மாதிரி. ஒரு வாரம் நசுங்கிக் கிடந்தும் தண்டு பச்சையாகவே இருந்தது. இப்படிச் சதைப்பற்றுள்ள செடிகளைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, உயிரை எடுத்த பிறகுதான் அழுத்த வேண்டுமாம். செய்தேன். பலன் கிடைத்தது, ஆனால் கை கொஞ்சம் தயங்கியது உண்மை.

ஆவணி வாக்கில், வாழ்த்து அட்டை செய்யும் ஆசை மெல்ல விலகி, ஹெர்பேரியத் தாள்களின் பக்கம் கவனம் போனது. ஹெர்பேரியம் என்றால், ஆய்வுக்காகச் செடிகளை அழுத்திக் காயவைத்து, தாள்களில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் தொகுப்பு. எங்கள் ஊரிலேயே செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. 1967இல் அருட்தந்தை கே.எம். மாத்யூ தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் லூக்கா கினி என்ற பேராசிரியர் இந்த முறையை மாணவர்களிடம் பரப்பிய காலத்தில், இப்படிப்பட்ட தொகுப்பை உலர்ந்த தோட்டம், குளிர்காலத் தோட்டம் என்றெல்லாம் அழைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் வெளியே ஒன்றும் பூக்காத ஊரில் அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டு. திருச்சியில் அரளி எந்த மாதம் பூக்காமல் இருந்தது?

ஆனால் அந்தத் தாள்களின் கீழ்மூலையில் இருக்கும் சீட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. பெயர், இடம், தேதி, பறித்தவர், இவற்றோடு பூவின் நிறம், மணம், செடியின் உயரம். காய்ந்த செடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததையெல்லாம் பறிக்கும்போதே எழுதிவிடுகிறார்கள். நானோ அதுவரை நாற்பது பூ அழுத்தி ஒன்றுக்கும் தேதி போடவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு ஐந்திதழ்ப் பூ இருக்கிறது. அது என்ன, எங்கே பறித்தேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து சீட்டு எழுதுகிறேன். "தும்பை. கொல்லைப் படிக்கட்டு. புரட்டாசி 12. வெள்ளை. எறும்பு இருந்தது." எறும்பை எழுதத் தேவையில்லைதான்.

ஐப்பசி மழை கணக்கைத் தீர்த்தது. காற்றில் இருந்த ஈரத்துக்குச் செய்தித்தாளே பதத்துப்போனது. பதினொரு தாள்களில் பூஞ்சை. அதற்குப் பிறகு மாற்றுவதற்கான தாள்களைச் சூடான இஸ்திரிப்பெட்டியால் ஒருமுறை தேய்த்துக் காயவைத்து, ஆறிய பிறகுதான் உள்ளே வைக்கிறேன். பூஞ்சை போனதும் ராமபாணப் பூச்சி வந்தது. அட்டையில் ஒட்ட மைதாப் பசை காய்ச்சியிருந்தேன், விருந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது மைதாப் பசையே இல்லை. மெல்லிய காகிதப் பட்டிகளைத் தண்டுக்குக் குறுக்கே போட்டு, பட்டியின் முனைகளை மட்டும் ஃபெவிகாலால் ஒட்டுகிறேன். அக்காவுக்கு ஃப்ரேம் போட்டுக் கொடுத்த சங்குப்பூவும் கைவிட்டது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தாள், இரண்டே மாதத்தில் வெளிறிவிட்டது. மூடிய பெட்டிதான் இவற்றுக்குச் சரியான இடம்.

கார்த்திகையில் இரண்டு பிளைவுட் பலகை வாங்கி, நான்கு மூலையிலும் துளை போட்டு, போல்ட்டும் பட்டர்பிளை நட்டும் மாட்டினேன். அம்மி கொல்லைக்குத் திரும்பியது. திரும்பிய அன்றே அம்மா அதைக் கழுவித் துவையல் அரைத்தாள். "பூ வாசனை அடிக்குதா பாரு" என்றாள். அடிக்கவில்லை. பூண்டு வாசனைதான்.

இப்போது மார்கழி. வாசல் கோலத்தில் சாணி உருண்டை மேல் வைத்த பூசணிப்பூவை, வெயில் ஏறுவதற்குள் எடுத்து வந்துவிட்டேன். இவ்வளவு தண்ணீர் உள்ள பூவை இதற்கு முன் தொட்டதில்லை. ஒரு பக்கம் வகுந்து, விசிறி மாதிரி விரித்து வைத்திருக்கிறேன். நேற்று மட்டும் மூன்று தடவை தாள் மாற்றினேன், மூன்றும் சொதசொதவென்று வந்தன. ஓரங்களில் மஞ்சள் இன்னும் இருக்கிறது. சீட்டை முதலிலேயே எழுதிவிட்டேன்: "பூசணி. எங்கள் வாசல். மார்கழி 9. நல்ல மஞ்சள். வைத்தது அம்மா."