பாக்கெட் 4கே தள்ளுபடியில் வந்தால் வாங்கலாமா?

பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே 2018-ல் வந்தது. கேமராக்களுக்கு இது நல்ல வயசு. அதனால்தான் பெட்டி பிரிக்காதது, ஒருமுறை பிரித்தது, கைமாறி வந்தது என்று பல வடிவங்களில் விலை குறைந்து கண்ணில் படுகிறது. உள்ளேயே 12 பிட் ரா (சென்சார் பார்த்த தகவலை அதிகம் பதப்படுத்தாத கோப்பு) பதிவு செய்யும் கேமரா இவ்வளவு மலிவாகக் கிடைப்பது அரிது, மறுக்கவில்லை. ஆனால் குறைந்திருப்பது பாடியின், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவின், விலை மட்டும். அதை வைத்து ஒரு நாள் முழுக்கப் படம்பிடிக்க வேண்டிய மற்ற சாமான்களுக்கு யாரும் தள்ளுபடி தருவதில்லை.

2014-ன் நடுவிலும் இது நடந்தது. 2013-ல் வந்த முதல் பாக்கெட் கேமராவை இதே நிறுவனம் சில வாரங்களுக்குப் பாதி விலையில் கொடுத்தது. அதில் இருந்தது சூப்பர் 16 அளவு சென்சார். முழு பிரேமோடு (36 மிமீ அகல சென்சார்) ஒப்பிட்டால் 2.88 மடங்கு கிராப், அதாவது காட்சி அந்த அளவுக்குக் குறுகும். அகலமான காட்சி வேண்டும் என்றால் லென்ஸுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும், பேட்டரியோ ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. 4கே மாடலில் இந்தக் கணக்கு கொஞ்சம் இளகியிருக்கிறது, மறைந்துவிடவில்லை.

விலையைப் பார்க்கும் முன் ஃபோகஸைப் பாருங்கள். இதில் தொடர் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. திரையைத் தொட்டோ பட்டனை அழுத்தியோ ஒருமுறை ஃபோகஸ் பிடிக்கலாம், ஆள் நகர்ந்தால் அது பின்தொடராது. சென்சாரை அசைத்து ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதியும் இல்லை. 7.9 ஃபர்ம்வேரிலிருந்து (கேமராவின் உள் மென்பொருள்) ஜைரோ தகவல், அதாவது கேமரா எப்படி அசைந்தது என்ற கணக்கு, பிளாக்மேஜிக் ரா கோப்பிலேயே பதிவாகிறது, இதே நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் அதை வைத்துப் படத்தை நிலைப்படுத்தும். ஆனால் 180 டிகிரி ஷட்டரில் (ஒரு பிரேமுக்கான நேரத்தில் பாதி திறந்திருப்பது) எடுத்த ஒவ்வொரு பிரேமிலும் இருக்கும் அசைவு மங்கலை எந்த மென்பொருளும் எடுக்காது. படம் அசையாமல் நிற்கும், விளிம்புகள் மட்டும் மங்கி மங்கித் துடிக்கும். ஷட்டரை 90 அல்லது 45 டிகிரிக்குக் குறைத்தால் இது பெருமளவு அடங்கும். அதற்கு 1 முதல் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வெளிச்சம் கூடுதலாக வேண்டும், நிலைப்படுத்தும்போது பிரேமின் ஓரங்களும் வெட்டுப்படும்.

கல்யாணம், மேடை நிகழ்ச்சி, ஓடும் ஆளைத் துரத்தி எடுக்கும் ஆவணப்படம் என்று தனியாளாக வேலை செய்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். குறும்படம், உட்கார்ந்து பேசும் பேட்டி, பொருள் விளம்பரம் எடுப்பவர்கள் மேலே படிக்கலாம். அங்கே யார் எங்கே நிற்பார், எப்போது திரும்புவார் என்பது முன்பே தெரியும், ஃபோகஸை அளந்து குறித்து வைக்கலாம்.

அடுத்தது மின்சாரம். உள்ளே போகும் எல்பி-இ6 பேட்டரி சுமார் 14 வாட்-ஹவர். கேமரா இழுப்பது திரை வெளிச்சம், லென்ஸ், வெளி டிரைவ் எல்லாம் சேர்த்து 20 வாட்டை ஒட்டி. அதாவது முக்கால் மணி நேரம் கிடைத்தால் நல்லது. மலிவான மாற்று பேட்டரிகளில் இன்னொரு தொல்லை உண்டு: சதவீதம் 40 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துவிடும். இதற்குத் தீர்வு வெளியே மாட்டும் 99 வாட்-ஹவர் வி-மவுண்ட் பேட்டரி ஒன்று, பேட்டரித் தட்டு ஒன்று, டி-டாப் என்ற மின்துளையிலிருந்து கேமராவின் பூட்டும் 2 முனை 12 வோல்ட் இணைப்புக்கு வரும் கேபிள் ஒன்று. நாலு மணி நேரம் தாராளமாக ஓடும். அந்தத் தட்டை மாட்ட கேமராவைச் சுற்றிப் பூட்டும் சட்டமான கேஜ் வேண்டும், கேஜ் வந்தால் மேல் கைப்பிடி வேண்டும். 'பாக்கெட்' என்ற பெயரை நம்பி சின்னப் பை வாங்கிவிடாதீர்கள்.

பதிவு செய்யும் கணக்கை ஒருமுறையாவது காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 4096×2160, 24 பிரேமில் பிளாக்மேஜிக் ரா 8:1 (கோப்பைச் சுருக்கும் விகிதம்) வைத்தால் நொடிக்குச் சுமார் 41 எம்பி, மணிக்கு ஏறத்தாழ 147 ஜிபி. 12:1 என்றால் 98 ஜிபி, 5:1 என்றால் 234 ஜிபி. அதே அளவில் ரா அல்லாத புரோரெஸ் ஹெச்க்யூ வடிவம் மணிக்கு 340 ஜிபி வரை போகும். ரா என்றால் இடம் தின்னும் என்று பயந்து புரோரெஸுக்குப் போவது இந்தக் கேமராவில் தலைகீழ் முடிவு. 24 பிரேமில் 8:1-க்கு வி60 எஸ்டி கார்டு (நொடிக்குக் குறைந்தது 60 எம்பி எழுதும்) போதும், 5:1-க்கு வி90 வேண்டும். 60 பிரேமுக்குப் போனால் 8:1-ஏ நொடிக்கு 100 எம்பியைத் தாண்டிவிடும். அப்போது சிஃபாஸ்ட் 2.0 கார்டு அல்லது யுஎஸ்பி-சி வழியாக எஸ்எஸ்டி.

பெரும்பாலோர் எஸ்எஸ்டிக்குத்தான் போகிறார்கள், ஜிபிக்கு விலை குறைவு. ஆனால் கேஜோடு சேர்த்து கேபிளை இறுக்கும் கிளாம்ப் இல்லாமல் ஒரு ஷாட்கூட எடுக்காதீர்கள். யுஎஸ்பி-சி முனை லேசாக அசைந்தாலே பதிவு நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் அந்த கிளிப்பே கெட்டுப்போகலாம். எந்த டிரைவும் ஓடும் என்று நினைக்கவும் வேண்டாம். பெட்டியில் போட்ட வேகம் தொடக்கச் சில நிமிடங்களுக்கு மட்டும் கிடைத்து, சூடானதும் சரிந்து பிரேம் விடும் டிரைவ்கள் இருக்கின்றன. நிறுவனம் தன் கையேட்டில் சோதித்துப் பட்டியலிட்ட மாடல்களுக்குள் நிற்பது நல்லது. எடுத்ததை இரண்டு இடங்களில் பிரதி வைக்க வேண்டும் என்பதால், டிரைவ் செலவை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

லென்ஸ் விஷயம் எளிது. சென்சார் அகலம் 18.96 மிமீ, 4கேயில் கிராப் 1.9. 25 மிமீ லென்ஸ் முழு பிரேமின் 47 மிமீ போலத் தெரியும். கையில் கேனன் இஎஃப் லென்ஸ்கள் இருந்தால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் 0.71 ஸ்பீட் பூஸ்டர் கிராப்பை 1.35-க்குக் கொண்டுவரும், ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூட்டும். 0.64 பூஸ்டர் 1.2-க்குக் கொண்டுவரும். 2013 மாடலுக்காகச் செய்த 0.58 பூஸ்டர் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அதன் பின்கண்ணாடி ஆழமாக உள்ளே போகும், இந்தக் கேமராவில் இடிக்கும்.

வெயிலில்தான் உண்மையான செலவு தெரியும். உள்ளே என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, கிடையாது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப்/16 என்றால் ஷட்டர் 1/400 வர வேண்டும். 24 பிரேம், 180 டிகிரி என்றால் ஷட்டர் 1/48, அதாவது 3 ஸ்டாப் அதிகம். பின்னணி மங்க வேண்டும் என்று எஃப்/2.8-க்குத் திறந்தால் இன்னும் 5 ஸ்டாப். மொத்தம் 8 ஸ்டாப், அதாவது என்டி 2.4. இந்த அளவுக்கு மலிவான வேரியபிள் என்டியைத் திருகினால் அகல லென்ஸில் படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவக் கருமை விழும். அளவு மாறாத சாதாரண என்டி போட்டால் வேறொரு சிக்கல்: அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கிறது, அகச்சிவப்பை அதே அளவுக்குத் தடுப்பதில்லை. 6 ஸ்டாப்பைத் தாண்டும்போது சென்சாருக்குப் போவதில் அகச்சிவப்பின் பங்கு பெருத்துவிடும். கறுப்பு காட்டன் சட்டையும் செயற்கை இழைத் துணியும் செம்பழுப்பாக மாறும். கிரேடிங்கில், அதாவது எடிட்டிங்கில் நிறம் சரிசெய்யும்போது, அதைத் திருத்தப் போனால் தோல் நிறம் கெடும், ஏனென்றால் ஒரே பிரேமில் ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவு சிவந்திருக்கும். அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐஆர் என்டிகளை ஆரம்பத்திலேயே பட்ஜெட்டில் போடுங்கள். தள்ளுபடியில் மிச்சமான பணத்தில் பாதி இதற்கே போகலாம், போகட்டும்.

வெயில் என்றால் ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கலாமே என்று தோன்றும். இறக்காதீர்கள். இந்த சென்சாருக்கு அடிப்படை ஐஎஸ்ஓ (சென்சார் நன்றாக வேலை செய்யும் உணர்திறன் அளவு) இரண்டு, 400-ம் 3200-ம். 100 முதல் 1000 வரை முதல் சுற்று, 1250 முதல் இரண்டாவது. 100-ல் வைத்தால் நடுச் சாம்பலுக்கு, அதாவது நடுத்தர வெளிச்சத்துக்கு, மேலே இருக்கும் ஸ்டாப்கள் குறைந்து வானம் சீக்கிரம் வெளுத்துவிடும். 800-ல் அந்த இடம் பெரிதாகிறது, விலையாக இன்னும் ஒரு ஸ்டாப் என்டி. இரவில் 1000-ஐ விட 1250-ல் நாய்ஸ் (படத்தில் தெரியும் துகள்) குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் வாங்கச் சொல்கிறேன்? கோப்புகளுக்காக. பிளாக்மேஜிக் ராவில் ஒயிட் பேலன்ஸையும் ஐஎஸ்ஓவையும் எடிட்டிங்கில் மாற்றலாம், தோல் நிறம் அடித்துத் திருத்தாமலே வரும், நடுத்தரக் கணினியிலும் பல கேமராக்கள் பதிவு செய்யும் ஹெச்.265 கோப்பை விட லேசாக ஓடும். கூடவே ரிசால்வின் கட்டணப் பதிப்பான ரிசால்வ் ஸ்டுடியோவின் உரிமமும் வருகிறது. இலவசப் பதிப்பில் நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லை, வெளியீடும் 3840×2160-ஐத் தாண்டாது.

அதே நேரம், எல்லாம் சேர்த்த பட்ஜெட் சோனி எஃப்எக்ஸ்30-ஐத் தொட்டுவிட்டால் நான் சோனி பக்கம் சாய்வேன். 2022-ல் வந்த அதில் சூப்பர் 35 சென்சார், நம்பத்தகுந்த ஆட்டோ ஃபோகஸ், ஸ்டெபிலைசேஷன், நீண்ட நேரம் தாங்கும் பேட்டரி எல்லாம் உண்டு. உள்ளே ரா பதிவு இல்லை, 10 பிட் 4:2:2 (நிறத் தகவலைச் சற்றுக் குறைத்த பதிவு) தான், அதுவே பெரும்பாலான வேலைக்குப் போதும். பாக்கெட் 4கே லாபமாவது லென்ஸ், என்டி, விளக்கு, ட்ரைபாட் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு.

கைமாறி வந்ததை வாங்கினால் ரிசால்வ் உரிமத்தை முதலில் கேளுங்கள். ஒரு உரிம எண் இரண்டு கணினிகளில் ஓடும், பழையவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் உங்களுக்கு வருவது வெறும் அட்டை. பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 3200-ல் ஒரு நிமிடம் பதிவு செய்து, பெரிய திரையில் அசையாத வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் எஸ்எஸ்டியையே கொண்டுபோய் அரை மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யுங்கள், நடுவில் கேபிளை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ துளையும் அதே சோதனையில் தேற வேண்டும். மினி எக்ஸ்எல்ஆர் மைக் துளையில் பேன்டம் பவர், அதாவது கேமராவிலிருந்தே மின்சாரம், கேட்கும் மைக் ஒன்றைப் போட்டு ஒலி வருகிறதா என்று கேளுங்கள். யுஎஸ்பி-சி துளை தளர்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள், அந்த வழியாகத்தான் உங்கள் படம் முழுக்க வெளியே வர வேண்டும்.