நூலில் கூட்டும் பின்னங்கள்

கோயம்புத்தூரின் லேத் பட்டறைகளிலும், எங்கள் ஈரோட்டுப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளிலும் ஓர் இஞ்சை எட்டு நூலாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். கால் இஞ்ச் போல்ட் என்பது இரண்டு நூல் போல்ட். எட்டில் மூன்று இஞ்ச் என்றால் மூன்று நூல். அதற்கும் நுணுக்கமாகப் போக வேண்டுமானால் அரை நூல், அதாவது பதினாறில் ஒன்று. வேற்றினப் பின்னங்களைக் கூட்ட மீச்சிறு பொது மடங்கு காண வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் நாம் படித்த பாடம், இந்தப் பட்டறைகளில் அந்தப் பெயர் இல்லாமலேயே நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

எட்டில் ஐந்தையும் முக்காலையும் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என் அக்கா மகள் பள்ளியில் கற்ற குறுக்குப் பெருக்கலில் இதற்கு 44/32 என்ற விடை வருகிறது. அதைச் சுருக்கி, கலப்புப் பின்னமாக மாற்றி, ஒன்றும் எட்டில் மூன்றும் என்று எழுதுவதற்குள் அரைப்பக்கம் தீர்ந்துவிடுகிறது. பட்டறைக்காரருக்கு இது ஐந்து நூலும் ஆறு நூலும் சேர்ந்து பதினொரு நூல். அதில் எட்டு நூல் ஓர் இஞ்சாகிவிட, மீதி மூன்று நூல். குறுக்குப் பெருக்கல் பிழையான முறை அன்று. ஆனால், இரண்டு பின்னங்களையும் ஒரே அலகில் அளந்த பிறகுதான் கூட்ட முடியும் என்ற காரணத்தை அது மறைத்துவிடுகிறது. காரணம் தெரியாத பிள்ளை, தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 8/12 என்று எழுதினாலும் அதில் அதற்கு ஐயம் எழுவதில்லை. முக்காலோடு இன்னும் ஏதோ சேர்ந்த பிறகு முக்காலை விடக் குறைவான விடை எப்படி வரும் என்று கேட்கும் பழக்கம் அங்கே இல்லை.

கழித்தலில் நூல் கணக்கின் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். ஐந்தேகால் இஞ்சிலிருந்து இரண்டு இஞ்ச் ஏழு நூலைக் கழிக்க வேண்டும். இரண்டு நூலிலிருந்து ஏழு நூல் போகாது; ஆகவே ஓர் இஞ்சை உடைத்து எட்டு நூலாக்கினால், நான்கு இஞ்ச் பத்து நூல் கையில் இருக்கும்; கழித்தால் இரண்டு இஞ்ச் மூன்று நூல். “ஏனுங்க மாமா, கடன் வாங்கினா பத்துதானே வாங்கணும்?” என்று அக்கா மகள் கேட்டாள். முழு எண்களில் பத்து வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே எட்டு வருவது குழப்பமாகத்தான் இருக்கும். கடன் வாங்காமலே முடிக்கும் வழியும் உண்டு. இரண்டு அளவிலும் ஒரு நூலைக் கூட்டினால், ஐந்து இஞ்ச் மூன்று நூலிலிருந்து மூன்று இஞ்சைக் கழிப்பதாகக் கணக்கு மாறிவிடும். இரண்டும் சமமாக நகர்வதால் இடைவெளி மாறாது. எனக்குப் பிடித்த வழி இதுவே.

இனி மதிப்பிடுதல். முப்பத்தாறு இஞ்ச் பலகையில் பத்து இஞ்ச் ஐந்து நூல், பன்னிரண்டே முக்கால் இஞ்ச், பதினொரு இஞ்ச் ஏழு நூல் என்று மூன்று துண்டுகள் அறுக்க வேண்டும் என்று கொள்வோம். முதலில் கண்மதிப்பாகப் பார்த்தால், பத்தரை, பதின்மூன்று, பன்னிரண்டு, மொத்தம் முப்பத்தைந்தரை. பலகை நாற்பது இஞ்சாக இருந்திருந்தால் இத்தோடு நிறுத்திவிட்டு வாளை எடுத்துவிடலாம். முப்பத்தாறுதான் என்பதால், இங்கே தோராயம் போதாது என்று அந்தத் தோராயமே சொல்லிவிடுகிறது. துல்லியமாகக் கூட்டினால் முழு இஞ்சுகள் முப்பத்து மூன்று, நூல்கள் பதினெட்டு, ஆக முப்பத்தைந்தேகால். மீதி ஆறு நூல். ஒவ்வோர் அறுப்பிலும் வாள் தின்னும் மரம் ஒரு நூல் என்று வைத்தால் மூன்று அறுப்புக்கு மூன்று நூல் போய், மூன்று நூல் மிஞ்சும். தப்பித்துக்கொள்ளலாம்.

தோராயத்தைக் கற்பிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வு ஒரு பழைய சான்று. 12/13, 7/8 ஆகிய இரண்டின் கூடுதல் ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டு 1, 2, 19, 21 என்னும் விடைகளைக் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றை ஒட்டிய பின்னங்கள் என்பதால் விடை 2 என்பதற்குத் தாளும் பென்சிலும் தேவையில்லை. ஆயினும் 13 வயதினரில் 24 விழுக்காட்டினரே அதைத் தேர்ந்தெடுத்தனர். 19, 21 ஆகிய விடைகளைத் தேர்ந்தோர் பாதிக்கும் மேல். நம் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பார்க்குமாறு ஆசிரிய நண்பர்களை வேண்டுகிறேன்.

தோராயத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒன்று, இரண்டு, நான்கு இஞ்சுகளோடு தலா மூன்று நூல் சேர்ந்த மூன்று அளவுகளை முழு எண்ணுக்குக் குறைத்துக் கூட்டினால் ஏழுதான் வரும். உண்மை விடையோ எட்டு இஞ்ச் ஒரு நூல். எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளினால் பிழையும் ஒரே பக்கம் சேரும்.

நம் முன்னோர் பின்னங்களை எழுதப் பயன்படுத்திய கீழ்வாய் இலக்கமும் இதே பொது அலகின் மேல்தான் நிற்கிறது. முந்திரி என்பது 320-இல் ஒன்று. காணிக்கு நான்கு முந்திரி, மாவுக்குப் பதினாறு, மாகாணிக்கு இருபது, அரைக்காலுக்கு நாற்பது, காலுக்கு எண்பது. காலும் மாகாணியும் மாவும் சேர்ந்தால் 116 முந்திரி. பள்ளி முறையில் 29/80. பதினாறின் வழி வரும் பின்னங்களும் இருபதின் வழி வரும் பின்னங்களும் சண்டையில்லாமல் சேர்வதற்கு 320 இடம் கொடுக்கிறது. இந்தப் பின்னங்களின் குறியீடுகள், கணினிக்கான எழுத்துக் குறியீட்டுத் தரமான யூனிகோடின் 2019-இல் வெளியான 12.0 பதிப்பில் இடம்பெற்றுவிட்டன, எல்லாக் கைப்பேசிகளிலும் அவை சரியாகத் தெரியுமா என்பது வேறு கதை.

ஆனால் 320-ஐ மூன்று வகுக்காது, நூலின் எட்டையும் வகுக்காது, ஏக்கரின் நூறு சென்டையும் வகுக்காது. மூன்றேகால் ஏக்கர் தோட்டத்தை மூவர் பாகம் பிரிக்கும்போது இது தெரியும். ஆளுக்கு ஓர் ஏக்கர், மீதிக் கால் ஏக்கரில் எட்டுச் சென்டும் கொஞ்சமும் என்பது மதிப்பீடு. கணக்கிட்டால் 325 சென்டில் தலா 108 சென்டும் மூன்றில் ஒரு சென்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதில் மூன்றில் ஒன்று 145.2. தலா 108 என்று முழு எண்ணில் நிறுத்தினால் ஒரு சென்ட் மிஞ்சும். அது எவர் பெயரில் ஏறுவது என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.