ஐம்பதாயிரம் செல்லும் ஒரு படிவமும்

ஸீப்ரா மீன் கருவில் அட்டாக்-சீக் (குரோமட்டின், அதாவது புரதத்தில் சுற்றிய டிஎன்ஏ, எங்கெங்கே திறந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை) செய்யப்போகிறவர்கள், எத்தனை ஜோடி மீன் முட்டையிடும் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒரு குழாய்க்கு 50,000 செல் என்றால், 256 செல் கட்டத்தில் கிட்டத்தட்ட 200 கரு வேண்டும். ஆயிரம் செல் கட்டத்தில் 50 போதும். சாதாரண வகுத்தல்தான். ஆனால் எங்கள் மையத்தின் முகப்பில் இருந்தவருக்கு அது எடுபடவில்லை. “எல்லாக் குழாயிலும் கரு எண்ணிக்கை ஒன்றாக இருக்கணும், படிவத்தில் அப்படித்தான் இருக்கு” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மேலே பேசிக் கையெழுத்து வாங்குவதற்குள் அன்றைய நியூக்ளியஸ்கள் வீண். கரு யாருக்காகவும் காத்திருக்காது; 28.5 டிகிரியில் அந்தச் சமயத்தில் கால் மணிக்கொரு முறை பிரிகிறது. படிவத்தை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

உறை நீக்கியது, மஞ்சள்கரு கழுவியது எல்லாம் பிரச்சினையில்லை. முதல் தரவு வந்தபோதுதான் வயிறு எரிந்தது: பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. தாய் முட்டைக்குள் அதை அள்ளி நிரப்பி அனுப்புகிறாள், நியூக்ளியஸோ கொஞ்சம்தான். 2017இல் வந்த ஓம்னி-அட்டாக் என்ற மேம்பட்ட முறைக்கு மாறி, செல் சவ்வைக் கரைக்கும் டிஜிட்டோனின் சேர்த்துக் கழுவிய பிறகு நிலைமை தேறியது.

அப்புறம் பிஆர்ஜி1. நியூக்ளியோசோமை (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரத உருண்டை) நகர்த்தும் இந்தப் புரதம் இல்லாவிட்டால், கருவின் சொந்த மரபணுக்கள் விழிக்கும் மூன்றாவது மணி நேரத்தில் குரோமட்டின் திறக்குமா என்பதே கேள்வி. கருவில் மட்டும் மரபணுவைக் கெடுத்துப் பயனில்லை, தாய் முட்டையில் வைத்த இருப்பு காப்பாற்றிவிடும். அதனால் மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூறைப் போட்டோம். அது தாயின் எம்ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான நகல்) முடக்கும். ஏற்கெனவே முட்டையில் இருக்கும் புரதத்தை ஒன்றும் செய்யாது.

நான்காவது மணியில் எடுத்த மாதிரியில் ஏராளமான இடங்கள் மூடிக் கிடந்தன. ஆய்வகமே குதூகலித்தது. எனக்கு மட்டும் உறுத்தல்: இந்தக் கருக்கள் வளர்ச்சியில் பின்தங்கியவை. கடிகாரம் ஸ்ஃபியர் கட்டம் என்றது, வடிவம் அதற்கு முந்தைய ஆப்லாங்தான். வீண் செலவு என்று முணுமுணுத்தார்கள். விடாமல் ஆப்லாங் கட்டத்துச் சாதாரணக் கருவோடு ஒப்பிட்டேன். வித்தியாசங்களில் பெரும்பாலானவை காணாமல் போயின. மிஞ்சியவை கொஞ்சம், ஆனால் நம்பலாம். நேரத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், கட்டத்தை வைத்து ஒப்பிடுங்கள்.

மார்ஃபோலினோ, செல்லைச் சாகடிக்கும் பி53 புரதத்தைத் தூண்டிவிட்டு ஏமாற்றும் என்பதால், இப்போது பிஆர்ஜி1 எம்ஆர்என்ஏவைத் திருப்பிச் செலுத்தி மீட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. புரதத்துக்கான பகுதியே ஏறத்தாழ 5,000 எழுத்து. முழு நீளத்தில் உடையாமல் வந்தால்தானே!