சென்னை ஓப்பன் க்விஸ், உள்ள என்னதான் நடக்குது?

க்விஸ் ஆடப் போறேன்னு சொன்னா முதல்ல வர்ற கேள்வி, ஜி.கே. புக் எல்லாம் மனப்பாடம் பண்ணுவீங்களான்னுதான். அதனாலதான் இதை எழுதணும்னு தோணுச்சு.

முன்னாடியெல்லாம் ஆகஸ்ட் 15 ஆனா மியூசிக் அகாடமில லேண்ட்மார்க் க்விஸ்னு ஒண்ணு நடக்கும், டாக்டர் நவீன் ஜெயக்குமார் நடத்துவாரு, பாட்டி பேரன்னு குடும்பமாவே வந்து உக்காந்திருப்பாங்க, அது ஒரு திருவிழா. நான் சொல்ல வர்றது அவ்வளவு பெருசு இல்லாத ஓப்பன் க்விஸ், அதாவது யார் வேணும்னாலும் வந்து ஆடலாம், லீவு நாள்ல ஒரு ஹால் பிடிச்சு, க்விஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா மாதிரி அமைப்புல இருக்கறவங்க நடத்தறது. இந்தியால இந்த மாதிரி ஓப்பன் க்விஸ் 1967ல கொல்கத்தால நீல் ஓ'பிரையன் ஆரம்பிச்சு வச்சது, ஹைதராபாத்ல கே-சர்க்கிள்ங்கற க்விஸ் கிளப் 1972ல வந்துச்சு, பெங்களூர்ல கர்நாடகா க்விஸ் அசோசியேஷன் 1983ல, எல்லாமே வேலை நேரம் போக மிச்ச நேரத்துல ஆசைப்பட்டவங்க நடத்தறதுதான்.

க்விஸ் மாஸ்டர்னு தனியா ஒருத்தர் கிடையாது, போன தடவை பக்கத்து டேபிள்ல ஆடினவர்தான் இந்தத் தடவை மைக்கைப் பிடிச்சிருப்பாரு. வாரக்கணக்கா ராத்திரி உக்காந்து ஸ்லைடு போட்டு, ஆடப்போறவங்க யார் கிட்டயும் மூச்சு விடாம, வேற யாருக்காவது போட்டுக் காட்டி சரி பார்த்து, அன்னிக்கு அவர் ஆடவும் முடியாது. அவருக்குப் பெருசா பணம் எதுவும் வராது. இந்தச் சுழற்சிதான் மொத்த விஷயத்தையும் ஓட வைக்குதுன்னு நான் உறுதியா நம்பறேன்.

ஆட்டம் எப்படின்னா, முதல்ல பிரிலிம்ஸ், பேப்பர்ல எழுதிக் குடுக்கணும், ஸ்கோர் சமமா வந்தா ஸ்டார் போட்ட கேள்விங்கள்ல யார் அதிகம் சரியா எழுதினாங்கன்னு பார்த்துப் பிரிப்பாங்க. மேல வர்ற ஆறோ எட்டோ டீம் மேடைக்குப் போகும். அங்க பவுன்ஸ் (bounce), அதாவது உங்களுக்குத் தெரியலைன்னா கேள்வி அடுத்த டீமுக்கு நகரும். உங்க டர்ன் வர்ற வரைக்கும் பொறுமை இல்லைன்னா பவுன்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பௌன்ஸ் பண்ணலாம் (உச்சரிப்பு ஒண்ணு மாதிரி இருந்தாலும் இது pounce, பாய்ஞ்சு பிடிக்கறது), சீட்டுல பதிலை எழுதி நீட்டணும், சரியா இருந்தா பாயிண்ட், தப்புன்னா மைனஸ்.

ஒரு தடவை வந்த கேள்வி இது. டெஸ்ட் கிரிக்கெட்ல டை ஆனது, அதாவது ரெண்டு டீமும் ஒரே ரன்ல முடிச்சது, ரெண்டே மேட்ச், 1960 பிரிஸ்பேன், 1986 சேப்பாக்கம். ரெண்டுலயும் சம்பந்தப்பட்ட ஒருத்தர் யாரு? எங்க டீம்ல யாருக்கும் நேரா தெரியாது. காதோட காதா பேச ஆரம்பிச்சோம். அங்க வெஸ்ட் இண்டீஸ், இங்க இந்தியா, ஆக ரெண்டுலயும் இருக்கறது ஆஸ்திரேலியாதான். 26 வருஷம் இடைவெளி, ரெண்டாவதுல பிளேயரா இருக்க வாய்ப்பே இல்ல. அப்போ அம்பயரா, மேனேஜரா, கோச்சா... கோச்சுன்னதும் டீம்ல ஒருத்தர் பேனாவைப் பிடுங்கி பாப் சிம்ப்சன்னு எழுதிட்டாரு (1960ல ஆஸ்திரேலியாவுக்கு ஆடினவர், 1986ல அவங்க கோச்). அந்தப் பதில் சரின்னு ஸ்லைடுல வந்தப்போ கிடைச்ச சந்தோஷம் இருக்கே, கோப்பை எல்லாம் அப்புறம்தான். மனப்பாடத்துல இது வராது, அங்கங்க கேட்டது படிச்சது பார்த்தது எல்லாத்தையும் மூணு பேர் சேர்ந்து கோத்து எடுக்கறது. தலைநகரம் எது, நீளமான நதி எதுன்னு வெறுமனே கேக்கற க்விஸ்ல எனக்கு ஈடுபாடு வரவே வராது.

இன்னொண்ணு, ஒரே டேபிள்ல காலேஜ் பையனும் ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசரும் உக்காந்திருப்பாங்க, பழைய சினிமா பாட்டுன்னா சாரை எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க, வீடியோ கேம்னா தம்பியை. வேற எந்த இடத்துல இவங்க ரெண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்க சேர்ந்து பேசப் போறாங்க?

வர்றதா இருந்தா பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது, டீம் இல்லைன்னாலும் அங்கயே சேர்த்து விடுவாங்க. பேனா எடுத்துட்டு வாங்க, ஃபோனை பைக்குள்ள போட்டுடுங்க. மதுரை, திருச்சி, கோவைல இருக்கறவங்க யாராவது மாசம் ஒண்ணு ஆரம்பிக்கறதா இருந்தா சொல்லுங்க, முதல் க்விஸுக்கு ஸ்லைடு நான் போட்டுத் தர்றேன்.